கொள்கையில் பங்கு கேட்டவர்

1927-இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி, பத்திரிகை ஆசிரியர் ஆர்தர் பேஜைத் துணைத் தலைவராக அழைத்தது. வெறும் விளம்பரம் எழுத வரமாட்டேன், கொள்கை வகுப்பதிலும் பங்கு வேண்டும் என்றார் அவர். நிறுவனமும் இசைந்தது. இசையாமல் என்ன செய்யும்? நாட்டின் தொலைபேசித் தொழிலில் பெரும்பகுதி அதன் கையில். அரசின் கண்ணும் மக்களின் சந்தேகமும் அதன் மேலேயே இருந்தன. மக்கள் இடம் கொடுத்தால்தான் எந்த வணிகமும் நிலைக்கும் என்று பேஜ் நம்பினார். நடத்தை கோணலாக இருந்தால் அறிக்கை எழுதி நிமிர்த்த முடியாது என்பது அவர் கட்சி.

1946 வரை அங்கே இருந்தார். இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் நெடுநாள் நண்பர். அவருக்குத் துணையாக வாஷிங்டனில் உழைத்தார். 1945 ஆகஸ்ட் 6 அன்று அதிபர் ட்ரூமன் பெயரில் வெளியான ஹிரோஷிமா அணுகுண்டு அறிக்கையில் பெரும்பகுதி பேஜ் எழுதியதுதான். அது ஹிரோஷிமாவை முக்கிய ராணுவத் தளம் என்றது. அங்கே குடியிருந்தவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அவருடைய பொதுத்தொண்டுக் கணக்கில் இதையும் சேர்ப்பார்கள். எனக்கு அதற்கு மனம் வரவில்லை.