கூலியா, கொடையா?

டெட்ராய்ட் ஆற்றின் ஒரு கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட், எதிர்க்கரையில் கனடாவின் வின்ட்ஸர். இரண்டு ஊர் உணவகங்களிலும் பில்லுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். செயல் ஒன்றுதான், ஆனால் அறக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி. மது பரிமாறும் சர்வர்களுக்கென்று இருந்த தனிக் குறைகூலியை ஒன்டாரியோ மாகாணம் 2022 ஜனவரி 1 அன்று ஒழித்தது. வின்ட்ஸர் சர்வருக்கும் கடைச் சிப்பந்திக்கும் இன்று குறைந்தபட்சக் கூலி ஒன்றே. டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்திலோ, 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.48 டாலராக உயர்ந்தபோது, டிப்ஸ் வாங்குபவருக்கு முதலாளி தன் கையிலிருந்து தரவேண்டியது வெறும் 4.74 டாலர். அமெரிக்கா முழுமைக்குமான சட்டத்தில் அது 1991 முதல் 2.13 டாலரிலேயே நிற்கிறது.

கூலி கடன், கொடை அப்படியல்ல. உழைத்தவன் பெறுவது தயவல்ல, அவனுக்குச் சேரவேண்டியது என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் வாதிடுகிறார். கூலியாளின் சம்பளத்தை விடியும்வரை வைத்திருக்கவும் லேவியராகமம் அனுமதிப்பதில்லை. கொடாமல் இருக்கவும் உரிமை இருந்து கொடுத்தால்தான் அது கொடை என்பது செனெகாவின் அளவுகோல். வள்ளுவரோ இன்னும் கறார்; இல்லாதவருக்குக் கொடுப்பதைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கைம்மாற்றுதான். டெட்ராய்ட் டிப்ஸ் இந்த இரண்டு பக்கத்திலும் சேராது. வைக்காமல் எழுந்தால் ஒருவரின் சம்பளத்தில் கைவைத்தவராகிறோம், ஆகவே அது கொடையல்ல. சர்வர் அதை உரிமையாகக் கேட்கவும் முடியாது, ஆகவே கூலியும் அல்ல. எல்லை மீறிப் பேசும் மேசைக்கும் அவர் சிரித்தபடி காபியை மறுபடி நிரப்புகிறார். சம்பளத்தின் பெரும்பகுதி அந்த மேசையின் மனநிலையில் இருக்கிறது.

டிப்ஸ் போதாவிட்டால் மீதியை முதலாளி நிரப்பவேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளி நிரம்பும்வரை நாம் வைக்கும் ஒவ்வொரு டாலரும் முதலாளியின் பொறுப்பைத்தான் குறைக்கிறது. சர்வருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்வது நாம் மட்டுமே. நல்ல உபசரிப்புக்கான வெகுமதி என்ற வாதத்துக்கும் வலு குறைவு. உபசரிப்பின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மெல்லியது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

சர்வர்களே மாற்றத்தை எதிர்க்கிறார்கள் என்பதுதான் கனமான மறுப்பு. மெய்ன் மாநிலத்தில் 2016 வாக்கெடுப்பு இந்தக் குறைகூலியை ஒழிக்க வழிசெய்தது. அடுத்த ஆண்டே, சர்வர்கள் பலர் வற்புறுத்த, சட்டமன்றம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2024இல் மாசசூசெட்ஸ் வாக்காளர்களும் அப்படியொரு மாற்றத்தை நிராகரித்தார்கள். வெள்ளிக்கிழமை இரவு நிரம்பி வழியும் உணவகத்தில் வேலை செய்பவரின் அச்சம் நியாயமானது. ஆனால் அது எவ்வளவு கிடைக்கும் என்ற அச்சம். யார் கடன்பட்டவர் என்ற கேள்வி வேறு. முழுக்கூலி வந்தால் டிப்ஸ் நின்றுவிடும் என்பதை வின்ட்ஸரும் மெய்ப்பிக்கவில்லை. அங்கும் கார்டு மெஷின் சதவீதங்களைக் காட்டிக் கூச்சப்படுத்தத்தான் செய்கிறது; அதனால் அங்கே வைப்பதைத் தூய கொடை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் வைக்காமல் போகிறவர் சட்டம் உறுதி செய்த கூலியில் ஒரு சென்ட்டையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. இந்த வித்தியாசத்தை நாட்டின் குணம் என்று தள்ளிவிடவும் வழியில்லை: அமெரிக்காவிலேயே கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்க விடுவதில்லை, கனடாவிலோ கியூபெக் இன்னும் சர்வர்களுக்குத் தனிக் குறைகூலி வைத்திருக்கிறது.