காக்கக்கூடிய வாக்கு

சென்ற ஆண்டு ஜூன் திங்களில், பள்ளிகள் திறந்த வாரத்தில், நம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு நம் இல்லம் வந்தார். களியக்காவிளைச் சந்தையில் வாழைக்குலை வாணிகம் செய்பவர் அவர். மகள் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்தாள். "டீச்சர் முன்னால சொல்லு மக்களே, எத்தனை மார்க் வாங்குவே?" என்று தந்தை கேட்டார். "நானூற்று எண்பது" என்றாள் அவள். சொல்லும்போது அவள் கண்கள் தரையை நோக்கியிருந்தன.

தந்தை மகிழ்ந்தார். நமக்கு மகிழ்ச்சி எழவில்லை. ஏனெனில் 1990ஆம் ஆண்டில் அத்தந்தையிடமே நாம் இத்தகைய வாக்கு ஒன்றைப் பெற்றோம். அதனால் விளைந்தது என்ன என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

பிள்ளைகளுக்கு இலக்கு வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் எவ்வளவு தொலைவில் உள்ள இலக்கு, அதனை வைத்தவர் யார், அதனை எட்டாதபோது பிள்ளையின் உள்ளத்தில் நேர்வது யாது என்பவை கற்பிக்கும் முறையைப் பற்றிய வினாக்கள் மட்டும் அல்ல. அறத்தைப் பற்றிய வினாக்களும் ஆகும். இவற்றைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒருங்கே சிந்திக்கவேண்டும் என்னும் எண்ணத்தாலேயே, நம் பிழை ஒன்றையும் மறைக்காமல் இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஒரு கையெழுத்தின் கதை

அக்காலத்தில் நாம் இவ்வட்டாரத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்து வந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயின்ற அச்சிறுவன் காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 18 மதிப்பெண் பெற்றான். அவனுடைய தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் வேலைக்குச் செல்பவர். நாம் சிறுவனை அழைத்து, "அரையாண்டுத் தேர்வில் 60 பெறுவேன்" என்று நோட்டில் எழுதிக் கையொப்பமிடச் செய்தோம். அவனுக்கு ஊக்கமளித்துவிட்டதாக நாம் நம்பினோம்.

அரையாண்டில் அவன் பெற்றது 23. தந்தையின் கையொப்பம் பெற்று வருமாறு மதிப்பெண் அட்டையைக் கொடுத்தனுப்பினோம். மறுநாளே கையொப்பத்துடன் அட்டை திரும்பி வந்தது. ஆனால் கையொப்பம் தமிழில் இருந்தது. விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியில் மலையாளப் பள்ளியில் படித்தவர் அத்தந்தை. மலையாளத்தில் அன்றி வேறு எம்மொழியிலும் அவர் கையொப்பமிட்டதில்லை. தமிழ்வழியில் பயிலும் மகன் தனக்குத் தெரிந்த எழுத்தில் தந்தையின் பெயரை எழுதியிருந்தான்.

நாம் தந்தையை வரவழைத்தோம். அட்டையைக் கண்ட அவர் சினங்கொள்ளவில்லை. நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டு, "அவன் கள்ளம் பறயுத பிள்ள இல்ல, டீச்சரே" என்றார். பிறகு தம் தொழிலைப் பற்றிச் சொன்னார். மரத்தில் ஒருமுறைக்கு ஒரு மெல்லிய சீவல் அளவே பட்டையைச் சீவவேண்டும். பால் மிகுதியாக வேண்டும் என்று ஆழமாக வெட்டினால் கத்தி மரத்தின் உடலில் பட்டுக் காயமாகும். பிறகு அவ்விடத்தில் பட்டை செம்மையாக வளராது, பாலும் கிடைக்காது. இவ்வளவே அவர் கூறியது. நம்மைக் குறை கூறவில்லை. ஆயினும் ஆழமாக வெட்டியது யார் கத்தி என்பதை நாம் உணர்ந்தோம்.

அவனால் இயலாத ஒன்றை அவன் வாயால் சொல்லச் செய்தவர் நாம். சொன்னதைக் காக்க இயலாதபோது அவனுக்கு இரண்டு வழிகளே இருந்தன: அவமானத்தை ஏற்பது, அல்லது பொய்யை நாடுவது. பதினான்கு வயதுப் பிள்ளை பொய்யை நாடியதில் வியப்பில்லை. பொய்யாமையைக் கற்பிக்கவேண்டிய ஆசிரியரே பொய்க்குக் காரணமானதுதான் வருந்தத்தக்கது.

நமக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று

ஆசிரியப் பயிற்சி பெறும் காலத்தில் நமக்கு முதலில் கற்பிக்கப்பட்டது பாடக்குறிப்பு எழுதுவது. பொது நோக்கம் ஒன்று. அதன்கீழ் அன்றைய பாடவேளைக்குரிய சிறப்பு நோக்கங்கள். இந்த நாற்பது நிமிடத்தின் முடிவில் மாணவன் இன்னதைச் செய்வான் என்று நாளுக்கு நாள் எழுதிக் கையொப்பம் பெற்றோம். ஆக, ஆசிரியராகிய நமக்கு நாற்பது நிமிட இலக்கு. மாணவனுக்கோ ஆறு மாத இலக்கு! பயிற்சி பெற்று முதிர்ந்த நாம் சிறு படிகளில் ஏறுகின்றோம். ஒன்றும் அறியாத பிள்ளையை ஒரே தாவலில் மாடிக்கு வா என்கின்றோம். இம்முரண்பாடு பல்லாண்டுகள் நம் கண்ணில் படாமலே இருந்தது.

அறிஞர் உலகில் இது ஆராயப்பட்டே இருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பாண்டுராவும் (1925-2021) டேல் ஷங்க் என்பவரும் 1981ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கழித்தல் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்த, கணக்கில் விருப்பமும் இல்லாத சிறுவர் சிறுமியரிடம் 42 பக்கங்கள் கொண்ட பயிற்சிகள் ஏழு அமர்வுகளுக்காகத் தரப்பட்டன. ஒரு சாராரிடம் ஓர் அமர்வில் ஆறு பக்கம் முடிக்க முயலலாம் என்று கூறப்பட்டது. மற்றொரு சாராரிடம் ஏழாம் அமர்வின் முடிவில் 42 பக்கமும் முடிக்க முயலலாம் என்று கூறப்பட்டது. கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் விளைவு ஒன்றாக இல்லை. ஆறு பக்கத்தை நோக்கியவர்கள் திறனிலும் தன்னம்பிக்கையிலும் தெளிவாக முன்னேறினர். கணக்கின்மீது அவர்களுக்கு விருப்பமும் பிறந்தது. தொலைவிலுள்ள 42 பக்கத்தை நோக்கியவர்களுக்கோ, இலக்கே இல்லாத பிள்ளைகளைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. பின்னர் 1985இல் ஷங்க் செய்த வேறோர் ஆய்வில், பிறர் வைத்த இலக்கைவிடத் தாமே வைத்துக்கொண்ட இலக்கு பிள்ளைகளின் தன்னம்பிக்கையை மிகுதியாக வளர்த்தது எனத் தெரிந்தது.

நியமம் காட்டும் வழி

இவ்வுண்மை நம் முன்னோர்க்குப் புதிதன்று. சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார் ஏற்கும் துறப்பினை இரண்டாக வகுக்கின்றார். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். காலத்தை வரையறுத்து ஏற்பது நியமம். இன்று, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், ஓர் அயனம் எனக் கால அளவுகளையும் அவர் கூறுகின்றார். இல்லறத்தாரின் ஒழுக்கமே பதினொரு நிலைகளாகப் படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. வீட்டுப் பெரியவர்கள், "இன்று இப்பொருளை உண்ணேன்" என்று காலையில் ஏற்று மறுநாள் முடிப்பதைப் பார்த்தே நம் பிள்ளைகள் வளர்கின்றனர்.

இதில் ஊன்றி நோக்கவேண்டியவை மூன்று. முதலாவது, நியமத்திற்கு எல்லை உண்டு. எல்லை உள்ளதால் அது காக்கக்கூடியது. இரண்டாவது, ஏற்பவரே அதனை ஏற்கவேண்டும். பிறர் வற்புறுத்தி ஏற்பிப்பது கட்டளையேயன்றி விரதம் ஆகாது. மூன்றாவது, நாளின் முடிவில் தன் செயலைத் தானே நோக்கிக் குறையை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அதனுடன் இணைந்தே வருகின்றது. வாக்களிப்பவன் முன் குரு சாட்சியாக இருக்கின்றார், அதிகாரியாக இல்லை. அரையாண்டுத் தேர்வுக்கு 60 மதிப்பெண் எழுதி வாங்கிய நாம் இம்மூன்றையும் மீறியிருந்தோம்.

மறுநாள் நாம் அச்சிறுவனை அழைத்து, எழுதி வாங்கிய தாளைக் கிழித்துவிட்டு, "நாளைக்குள் உன்னால் எதைச் செய்ய முடியும்?" என்று மட்டும் கேட்டோம். நெடுநேரம் சிந்தித்து, "ரெண்டு கணக்கு" என்றான். பகுதி வேறான பின்னங்களைக் கூட்டும் கணக்குகள் அவை. ஐந்தாம் வகுப்பிலேயே கற்றிருக்கவேண்டியவை. ஒன்பதாம் வகுப்பில் அவன் இயற்கணிதத்தில் தடுமாறியதற்கு வேர் அங்கிருந்தது என்பதே நமக்கு அன்றுதான் தெரிந்தது. மறுநாள் இரண்டையும் செய்து வந்தான். அதற்கு மறுநாளும் செய்து வந்தான். நான்காம் நாள் நோட்டைக் காட்டி, "ஒண்ணுதான் செய்தேன் டீச்சர். கரண்டும் இல்ல, மனசும் இல்ல" என்றான்.

அந்த இறுதிச் சொல்லைக் கேட்டபோது நமக்குண்டான நிறைவு, அவன் பின்னர்த் தேர்ச்சி பெற்றபோதுகூட உண்டாகவில்லை. மின்சாரத்தின்மேல் பழி போட்டு நிறுத்தியிருக்கலாம். மனமில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னான். தந்தையின் பெயரைப் பொய்யாக எழுதிய அதே கை! சிறிய வாக்கு அவனுக்கு உண்மை பேச இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் கணிதத்தில் 47 பெற்றுத் தேறினான். நாம் எழுதி வாங்கிய 60 அன்று. ஆனால் அந்த 47 முழுவதும் அவனுடையது.

எத்தகைய இலக்கு

ஆகவே பிள்ளைக்குக் குறுங்கால இலக்கு அமைக்க உதவுவோர் மனங்கொள்ளவேண்டியவற்றைக் கூறுகின்றோம். இலக்கு செயலைப் பற்றியதாக இருக்கட்டும். மதிப்பெண்ணைப் பற்றியதாக வேண்டா. மதிப்பெண் வினாத்தாளையும் திருத்துவோரையும் பொறுத்தது. "இன்று மாலை ஒரு பத்தியைப் பாராமல் எழுதிப் பார்ப்பேன்" என்பது பிள்ளையின் கையில் உள்ளது. காலம் ஒரு நாள் அல்லது ஒரு வாரத்தைக் கடவாதிருக்கட்டும். இலக்கைப் பிள்ளையே சொல்லட்டும். அது நமக்குச் சிரிப்பூட்டும் அளவு சிறிதாயினும் ஏற்றுக்கொள்வோம். நிறைவேறாத நாளில், "ஏன் செய்யவில்லை?" என்று அதட்டாமல், "நாளைக்கு அளவை மாற்றவேண்டுமா?" என்று கேட்போம்.

இங்கு இரண்டு ஐயங்கள் எழலாம். சிறிய இலக்கு பிள்ளையின் நோக்கத்தையே சிறிதாக்கிவிடாதா என்பது ஒன்று. ஆக்காது. தொலைவிலுள்ள நோக்கத்தை எவரும் கைவிடச் சொல்லவில்லை. அதை நோக்கி இன்று வைக்கும் அடி எது என்று கேட்கின்றோம். இலக்கு என்பதே ஆசைதானே, ஆசையை வளர்ப்பது முறையா என்பது மற்றொன்று. இது ஆழ்ந்த வினா. மதிப்பெண்ணை இலக்காக்கினால் அது ஆசையே. எவ்வளவு பெற்றாலும் போதாது. செயலுக்கு அளவு வகுத்து, அந்த அளவு முடிந்ததும் மனநிறைவோடு நோட்டை மூடக் கற்பது, மிகுபொருள் விரும்பாமையின் முதற்பாடமாகவே நமக்குத் தோன்றுகின்றது.

இந்த இடத்தில்தான் பெரியவர்களாகிய நாம் தவறுகின்றோம். பிள்ளை இரண்டு கணக்கு என்று சொல்லிச் செய்து முடித்தால், உடனே "இன்னும் நான்கு செய்" என்கின்றோம். அவன் தன் வாக்கைக் காத்தான். நாம் நம் வாக்கைக் காக்கவில்லை. ஐந்து மணிக்கு எழுவது முதல் பத்து மணிக்கு உறங்குவது வரை கட்டம் கட்டிச் சுவரில் ஒட்டி, அதற்குக் குறுங்கால இலக்கு என்று பெயரிடுவதும் இத்தகையதே. நாள்தோறும் தேர்வு வைத்து நாள்தோறும் வரிசைப்படுத்தும் தனிப்பயிற்சி நிலையங்கள் இலக்கைச் சிறிதாக்கவில்லை. அச்சத்தைத்தான் சிறு துண்டுகளாக்கி நாள்தோறும் ஊட்டுகின்றன.

தமிழ்நாட்டில் கல்வித்துறையும் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்துள்ளது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்ற செயல்வழிக் கற்றலில், "கற்றல் ஏணி" என்ற ஒன்று இருந்தது. தான் எப்படியில் நிற்கின்றோம் என்பதை ஏணியில் பார்த்து, அடுத்த அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டது. நாம் ஓய்வுபெறும் தறுவாயில் அதனை ஒரு தொடக்கப் பள்ளியில் கண்டோம். அட்டையைத் தேடி எடுத்த அச்சிறு கைதான் அம்முறையின் உயிர் என்று நமக்குத் தோன்றியது. 2012இல் முப்பருவ முறை வந்தது. 2017இல் பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பெயர்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் தம் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என அமர்ந்து கற்றனர். திட்டங்கள் வரும், மாறும். பிள்ளை வீடு திரும்பியதும் நாம் கேட்கும் முதற்கேள்வி மாறாவிட்டால் அவற்றால் பெரும்பயன் இல்லை.

சிதறால் திருச்சாரணத்து மலை நம் ஊருக்கு அண்மையில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாகிய குணந்தாங்கி குறத்தியார் பகவதிக்குப் பொன்னணி அளித்ததைக் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்தில் வாழ்ந்த அப்பெண் தம்மை இன்னாருடைய மாணாக்கி என்று சொல்லிக்கொண்டதே நம் நெஞ்சில் நிற்கின்றது. மாணாக்கரின் வாழ்வில் ஆசிரியர் பெயர் அவ்வளவு காலம் நிலைக்கும் எனில், நாம் அவர்களிடம் எதனைக் கேட்கின்றோம் என்பதில் எவ்வளவு கவனம் வேண்டும்!

அன்று நம் இல்லம் வந்த சிறுமியிடம் நாம், "நானூற்று எண்பது இருக்கட்டும், மக்களே. நாளை மாலைக்குள் என்ன செய்வாய்?" என்று கேட்டோம். அவள் தரையினின்று கண்களை உயர்த்தினாள். சற்றுச் சிந்தித்து, அறிவியல் முதற்பாடத்துப் படம் ஒன்றை வரைந்து பாகங்களைக் குறிப்பதாகச் சொன்னாள். தந்தை பேசாமல் இருந்தார். விடைபெறும்போது வாசற்படியில் நின்று, மெல்லிய குரலில், "ரெண்டு கணக்கு, டீச்சர்" என்றார்.

அவர் மறக்கவில்லை. ஆயினும் தந்தையானதும் அவரும் பெரிய வாக்கையே கேட்டார். அன்பு மிகுந்தவிடத்து நாம் அனைவரும் அவ்வாறே கேட்கின்றோம். இன்று மாலை நம் வீட்டுப் பிள்ளையிடம் ஒருமுறை சிறிய வாக்கைக் கேட்டுப் பார்ப்போம். அது சொல்லும் அளவை ஏற்று, அதற்குமேல் ஒன்றும் கேட்காதிருக்க நாமும் ஒரு நாள் நியமம் ஏற்போம்.