மேல்மடையும் கடைமடையும்

நீர் யாருக்கு உரியது என்னும் வினாவுக்குச் சட்ட நூல்களில் விடை எளிதாகக் கிட்டும். மலாயாவில் 1920ஆம் ஆண்டு இயற்றப்பெற்று, நெகிரி செம்பிலான் உள்ளிட்ட சில மாநிலங்களில் இன்றும் நடப்பிலிருக்கும் நீர்ச்சட்டம், ஆறுகளின் உடைமையும் ஆளுகையும் மாநில ஆட்சியாளரைச் சாரும் என விதிக்கின்றது. ஆயின் அறத்தை ஆராய்வோர் கேட்கும் வினா வேறு. ஆற்றின் மேற்புறத்தில் இருப்பவன் கீழ்ப்புறத்தில் இருப்பவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? எதன் பொருட்டுக் கடன்பட்டிருக்கிறான்? உடைமை இன்னாருடையது என்று கூறுவதால் இவ்வினாக்கள் தீர்ந்துவிடுவதில்லை.

ஈயம் விளைந்த மண்ணில் இவை ஏட்டளவில் நிற்கும் வினாக்கள் அல்ல. இரப்பர்க் கன்றுகள் நடப்படுவதற்கு முன்னரே சுங்கை ஊஜோங்கிலும் ஜெலுபுவிலும் ஈயம் தோண்டப்பட்டது. சுங்கை ஊஜோங்கின் ஈயம் லிங்கியாற்றின் வழியே படகேறி மலாக்கா நீரிணையை அடைந்தது. ஆற்றங்கரையில் சுங்கச் சாவடிகள் எழுந்தன. அவற்றின் வருவாய் யாருக்கு என்னும் பூசலும் எழுந்தது. டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் மூண்ட பகையில் 1874ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தலையிட்டனர். அப்பூசலில் லிங்கியாறு ஒரு பாதையாகவே மதிக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டு சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியதும் அம்மதிப்பும் குறைந்தது. படகு செல்ல வேண்டுமே என்னும் தன்னலமேனும் அதுவரை ஆற்றைக் காக்க ஒரு காரணமாய் இருந்தது எனலாம்.

ஈயத் தொழில் நீரின்றி நடவாது. ஈயக்கல் நீரைக் காட்டிலும் ஏறத்தாழ 7 மடங்கு எடையுள்ளது. மணலோ இரண்டரை மடங்குக்குச் சற்றே மிகுதி. இவ்வேறுபாட்டின் மீதே அத்தொழில் முழுவதும் நிற்கின்றது. விசையோடு பாய்ச்சும் நீரால் மண்சுவரைத் தகர்த்து, சேற்றுக் குழம்பை எந்திரத்தால் மேலேற்றி, ‘பாலோங்’ எனப்படும் நீண்ட மரத்தொட்டியின் சரிவில் ஓடவிடுவர். கனத்த ஈயம் தடுப்புகளில் தங்க, மணலும் களிமண்ணும் நீரோடு வெளியேறும். மணல் விரைவில் படிந்துவிடும். நுண்ணிய களிமண்ணோ நாட்கணக்கில் படியாது மிதக்கும். ஆற்றில் விடப்பட்டால் நீரைக் கலக்கிக்கொண்டே பல கல் தொலைவு செல்லும். ஓட்டம் தளர்ந்த இடங்களில் வண்டல் தங்கி ஆற்றுப் படுகை உயரும். படுகை உயர்ந்தபின் சிறுமழைக்கும் வெள்ளம் கரைபுரளும்.

இதைத் தடுக்கும் வழி அறியப்படாத ஒன்றன்று. குளம் அமைத்து, களிமண் படியும்வரை நீரைத் தேக்கி, தெளிந்த நீரை மீண்டும் தொழிலுக்கே பயன்படுத்தலாம். அதற்கு நிலம் வேண்டும், பொறுமையும் வேண்டும். இரண்டும் செலவு. எனவே, குறை அறிவில் இல்லை. அச்செலவை ஏற்பவர் யார் என்பதில்தான் இருந்தது. சுரங்கத்தார் ஏற்காத செலவு மறைந்துவிடுவதில்லை. அது ஆற்றோடு இறங்கிச் சென்று, கீழே உள்ளவன் வீட்டு வாயிலில் நிற்கும்.

அண்டை மாநிலமாகிய சிலாங்கூரில் இருந்த கோலக் குபு நகரம் இதற்குச் சான்று. 1883ஆம் ஆண்டு பழைய அணை ஒன்று உடைந்து அந்நகரைச் சிதைத்தது. மீண்டும் எழுந்த நகரை வேறொரு கேடு மெல்லச் சூழ்ந்தது. மேற்புறச் சுரங்கங்களின் வண்டல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் அடுத்தடுத்து வந்தது. ஈற்றில் நகரையே கைவிட்டு, மேட்டுநிலத்தில் கோலக் குபு பாருவை அமைக்க வேண்டியதாயிற்று. ஈயம் எடுத்தவர் எவரும் அந்நகரை அழிக்க எண்ணினாரல்லர். ஒவ்வொருவரும் தம் பங்குச் சேற்றை மட்டுமே ஆற்றில் விட்டனர். ஒவ்வொரு பங்கும் சிறிது. எல்லாம் கூடியபோது ஓர் ஊர் போயிற்று. இங்கே குற்றவாளி யார்? ஒருவன் மற்றொருவனுக்கு இழைக்கும் தீமையைப் பற்றி அறநூல்கள் நிரம்பப் பேசுகின்றன. பலர் சிறுகச் சிறுக, தீய எண்ணம் ஏதுமின்றிச் செய்யும் தீமைக்கு அவற்றில் சொற்கள் குறைவு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாபு, ரந்தாவ், லிங்கி முதலிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் குடியமர்ந்தன. அவர்கள் ஓடையில் துணி துவைத்தனர். கிணற்று நீரை இறைத்துக் குடித்தனர். அவ்விடத்தை அவர்கள் தேர்ந்துகொள்ளவில்லை. கங்காணி அழைத்துச் சென்ற இடமே ஊராயிற்று; அவ்வூரின் வழியே எந்த ஓடை வந்ததோ அதுவே நீராயிற்று. தோட்டக் குடியிருப்புகளுக்குக் குழாய் நீரை இலவசமாகவும் போதிய அளவிலும் வழங்குதல் முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. நல்ல சட்டம்தான். ஆயினும் குழாய் வந்ததால் ஆற்றின் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. சுத்திகரிப்பு நிலையமும் ஆற்றிலிருந்தே நீரை எடுக்கின்றது.

தனக்கு வேண்டாததைப் பிறர்க்குச் செய்யாதே என்பது கன்பூசியர் முதல் வள்ளுவர்வரை பெரியோர் பலரும் காட்டிய நெறி. அந்நெறி நாள்தோறும் நடைமுறையில் நிற்பதற்கு ஒரு துணை உண்டு. அடுத்த வீட்டான் வாயிலில் குப்பையைக் கொட்டினால் அவனும் கொட்டுவான் என்னும் அச்சமே அத்துணை. சந்தையிலும் சாலையிலும் மனிதர் ஒழுங்காக நடப்பதில் இவ்வச்சத்திற்குப் பெரும்பங்குண்டு. ஆறு அத்துணையை நீக்கிவிடுகின்றது. மேலே இருப்பவன் கலக்கினால் கீழே இருப்பவன் திருப்பிக் கலக்க இயலாது. நீர் மேலேறாது. கைம்மாறும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. ஆகவே, மேற்புறத்தான் காட்டும் நேர்மையில் அச்சத்தின் பங்கைக் கழித்துவிட்டு எஞ்சுவதைக் காணலாம். சில வேளைகளில் எதுவும் எஞ்சுவதில்லை.

தமிழர்க்கு இச்சிக்கல் புதிதன்று. வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலைக் கடைமடை என்பர். மேல்மடைக்காரன் தன் வயல் நிறைந்தபின்னும் மடையைத் திறந்தே வைத்தால் கடைமடைப் பயிர் கருகும். அதனால் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்றொரு பணியாளர் இருந்தார். எந்த வயலுக்கு எத்துணை நேரம் நீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுதல் அவர் பொறுப்பு. பல ஊர்களில் நிலமற்றவரே இப்பணியைச் செய்தனர். தனக்கென வயல் இல்லாதவன் கையில் மடையைக் கொடுத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. மேல்மடைக்காரனின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி அவ்வூரார் இருந்துவிடவில்லை. (வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் என்பது தமிழ் வகுப்புகளில் தவறாது சொல்லப்படுகிறது. நிலத்தில் விழுந்தபின் அந்நீர் யார் யார் கையைக் கடந்து செல்கிறது என்பதும் உடன் சொல்லத்தக்கதே.)

சுரங்கத்தார் பக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறவியலாது. ஈயம் இல்லையேல் இரயில் இல்லை. இரயில் இல்லையேல் தோட்டங்கள் அத்துணை விரைவில் பெருகியிருக்கமாட்டா. இன்றைய தொழிலாளர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் சோறு வேண்டும். 1994ஆம் ஆண்டின் கனிம மேம்பாட்டுச் சட்டம் வெளியேறும் நீரின் தரத்திற்கு நெறி வகுத்துள்ளது. அதனைப் பின்பற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்குக் காரணம் உண்டு. சட்டம் ஒவ்வொரு வாய்க்காலின் வாயிலிலும் தனித்தனியே அளக்கின்றது. குடிப்பவன் எல்லாவற்றையும் ஒரே குடத்தில் முகக்கின்றான்.

நீரின் அளவும் ஒரு கேள்விதான். தமிழகத்தின் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் உள்ளது. அதனை இடைவிடாது இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தளம் வெடித்து நீர் பீறிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்திற்குப் பயன்படுவது பாராட்டத்தக்கது. அதே வேளையில், தம் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கிவிட்டதென்று சுற்றுப்புற உழவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். ஒருவன் கிணற்றில் இறங்கிய நீர் மற்றொருவன் வாய்க்காலில் ஏறுமாயின், கொடுத்தவன் யார்? கொள்ளுமுன் அவன் இசைவு கேட்கப்பட்டதா?

தோட்டத்துத் தமிழர் எப்போதும் கடைமடையில் மட்டுமே நின்றனர் என்பதும் முழு உண்மையன்று. இரப்பர்ப் பாலை உறையவைக்க அமிலம் ஊற்றுவர். உறைந்தபின் எஞ்சும் நீர் ஓடையில் கலந்தால் உயிர்வளி குன்றி மீன் மிதக்கும். செம்பனை ஆலைக் கழிவு அதனினும் கொடிது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ்ச் செம்பனை ஆலைகளுக்கு 1977இலும், இரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் விதிகள் பிறந்தன. களைக்கொல்லி தெளித்த கைகளும் தமிழர் கைகளே. அந்நஞ்சு முதலில் அவர்கள் உடலையும், பிறகு கீழேயிருந்த கம்பத்து ஓடையையும் சேர்ந்தது. ஆணையிட்டவர் வேறு என்பது உண்மை. ஆணைக்குக் கீழ்ப்பட்டவனின் பொறுப்பு குறையும். அறவே நீங்குமா என்பதை எளிதில் முடிவுசெய்ய இயலாது.

1985ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிதியிழந்து சரிய, விலை வீழ்ந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. குழிகள் நின்றன, குளங்களாக. 2014ஆம் ஆண்டின் வறட்சியில் நெகிரி செம்பிலான் அரசு நீர் நெருக்கடியை அறிவித்தது. அதே வறட்சியில் சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவின் பழைய சுரங்கக் குளங்களிலிருந்து நீரை இறைத்து ஆற்றில் சேர்த்தது. அதில் உலோகங்கள் கலந்திருக்குமோ என்று மக்கள் அஞ்சினர். அக்குழிகளைத் தோண்டியவர்கள் ஒருநாள் அவை குடிநீராகும் என்று கனவிலும் எண்ணியிருக்கமாட்டார்கள். காலத்திலும் ஒரு கடைமடை உண்டு. அங்கிருப்போர் இன்னும் பிறக்கவில்லையாதலால் முறையிடவும் மாட்டார்கள்.

நெகிரி செம்பிலானில் இன்று மணலெடுப்பும் கல்லுடைப்பும் தொடர்கின்றன. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. எஞ்சிய தோட்டங்களில் உழைப்போருள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். ஓடை கலங்கினால் எந்த அலுவலகத்தில், எம்மொழியில் முறையிடுவதென்று அவர்களுள் பலர் அறியார். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்ப வேண்டியவர்கள் என்பதால் அவர்களைக் கேட்பாரும் குறைவு. சிரம்பானில் குடியேறிய தமிழர் வீடுகளின் கழிவுநீர் சென்று சேர்வது அவர்களுக்கு மேலே ஓடும் அதே லிங்கியாற்றில்தான்.