சிவப்பழகும் ஷரீஅத்தும்

 

 

தொப்பூர் போன்ற சிற்றூர்களில்கூட இன்று கடைக்குக் கடை முகத்திற்குப் பூசும் கிரீம்கள் தொங்குகின்றன. வளைகுடாவிலிருந்து வருவோரின் பெட்டிகளிலும் அவை வருகின்றன. கைப்பேசியைத் திறந்தால் ஏழே நாளில் சிவப்பு என்கிறான் ஒருவன். ஊசி போட்டால் உடம்பெல்லாம் வெளுக்கும் என்கிறான் மற்றொருவன். இவற்றுள் எதைப் பூசலாம், எதைத் தொடக்கூடாது, பூசினால் ஒளு கூடுமா என்று நம் பெண்மக்கள் ஆலிம்களிடம் கேட்கிறார்கள். கேட்பது நன்று. ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தீர்ப்புச் சொல்லி முடியாது. நாளை புதிதாக ஒன்று வந்துவிடும். எனவே எதையும் நிறுத்துப் பார்க்கும் தராசு ஒன்றை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகிறோம். அத்தராசுக்கு மூன்று கேள்விகள் உண்டு.

முதற் கேள்வி: எதற்காகப் பூசுகிறோம்?

அழகுபடுத்திக் கொள்வதை நம் மார்க்கம் தடுக்கவில்லை. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்ற கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தலைமுடி உள்ளவர் அதைப் பேணிக் கொள்ள வேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நோய்க்கு மருந்து செய்வதும் சுன்னத்தே. அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு போர் ஒன்றில் துண்டிக்கப்பட்டது. வெள்ளியால் செய்து வைத்த மூக்கு துர்நாற்றம் எடுத்தபோது, பொன்னால் செய்து கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆண்களுக்குப் பொன் ஆகாது என்றிருக்க, குறையை நீக்க அதுவும் ஆயிற்று!

ஆனால் பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் அதே நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது அது. அச்சாபம் அழகை நாடிச் செய்வோருக்கே. வைத்தியத்திற்காகவோ பல்லிலுள்ள குறைக்காகவோ செய்தால் குற்றமில்லை என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். ஆக, முகப்பரு, மங்கு, படர்தாமரை, தீப்புண் தழும்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை செய்வது வேறு. பிறவியில் வந்த மாநிறத்தை நோயாக எண்ணி அதை உரித்தெடுக்க முனைவது வேறு.

சிகிச்சை என்றால் காரணத்தைக் கண்டு செய்ய வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பலரது பல்லிலும் பழுப்புக் கறை இருந்ததை எல்லோரும் அறிவோம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஏனெனில் கறை பல்லின் மேல் ஒட்டியதன்று; குடிநீரிலிருந்த புளோரைடு, பல் முளைக்கும் பருவத்திலேயே உள்ளே செய்த வேலை. அதற்குப் பரிகாரம் பற்பொடியில் இல்லை; 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தது. தோலும் இப்படித்தான். பிள்ளைகளின் பின்கழுத்தில் கறுப்புப் படிந்து தடித்திருந்தால் அழுக்கென்று நார் போட்டுத் தேய்க்கிறோம். அது பெரும்பாலும் உடல் பருமனோடும் சர்க்கரை நோய்க்கு முந்திய நிலையோடும் வருவது. அங்கே வேண்டியது கிரீம் அன்று, இரத்தப் பரிசோதனை.

இரண்டாம் கேள்வி: உள்ளே இருப்பது என்ன? கொடுப்பவர் யார்?

மருத்துவம் அறியாதவன் மருத்துவம் பார்த்துத் தீங்கு நேர்ந்தால் அவனே பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்தாகும். சரக்கின் குறையை மறைத்து விற்பவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் எச்சரிக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக் கொண்டு, அண்டை மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகச் சல்லடை பழுதாகிப் புரதம் வெளியேறும் ஒருவகை நோயோடு 22 பேர் வந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசி வந்தவர்கள்! கிரீமை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். இச்செய்தி 2024-ல் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2023-ல் ‘ஆபரேஷன் சௌந்தர்ய’ என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது.

முகத்தில் பூசியது சிறுநீரகத்திற்கு எப்படிப் போயிற்று? காரணம் பாதரசம். தோலின் நிறப்பொருள் உண்டாவதை அது தடுக்கிறது. எனவே சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. ஆனால் தோல் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. கருவிலிருக்கும் சிசுவையும் தாக்கும். தாயின் கையிலும் துண்டிலும் ஒட்டியது பூசாத குழந்தையையும் சேரும். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள், பாதரசம் சேர்த்து அவற்றைத் தயாரிப்பதைத் தடை செய்துள்ளன. தயாரிப்பவர் பெயர், முகவரி, சேர்மானம் எதுவும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசம் இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். நகைக்கு ஆகாதது பெற்ற மகளின் முகத்திற்கு ஆகுமா?

அடுத்தது ஸ்டீராய்டு கலந்த களிம்பு. மருத்துவர் சீட்டோடு சில நாள் பூசினால் மருந்து. தானே வாங்கி மாதக்கணக்கில் பூசினால் வினை. தோல் மெலியும், சிவந்து எரியும், பரு கிளம்பும், முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தினாலோ முன்னைவிட மோசமாகும். எனவே விடவும் முடியாது. படர்தாமரையில் பூசினால் அரிப்பு அடங்கி உள்ளே பரவும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய 14 ஸ்டீராய்டுகளைச் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்ததும் இதனாலேயே. வெளுப்பதற்கென்று போடும் குளுட்டாதயோன் ஊசியைப் பற்றி, அது கல்லீரலுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு என்று பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துத் துறை எச்சரித்திருக்கிறது.

நம் தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும் லாரிகளைப் பார்க்கிறோம். டீசல் மிச்சமாகும் என்று கியரை நியூட்ரலில் தள்ளி இறக்குகிறவனுக்கு, முதலில் சுகமாகத்தான் இருக்கும். பாரமும் வேகமும் கூடியபின் பிரேக் பிடிக்காது. 2020 டிசம்பரில் லாரி மோதி நான்கு உயிர்கள் போன பாதை அது. விரைவில் வெளுப்பு என்பதும் அத்தகைய இறக்கமே. தனக்கும் தீங்கு செய்யாதே, பிறருக்கும் தீங்கு செய்யாதே என்பது நம் ஷரீஅத்தின் பெருவிதி. கேடு உறுதியான பொருளைப் பூசுவதும் கூடாது. விற்றுச் சம்பாதிப்பதும் கூடாது.

மூன்றாம் கேள்வி: வணக்கத்திற்கு இடையூறா?

ஒளுவில் கழுவ வேண்டிய உறுப்பில் தண்ணீர் பட வேண்டும். மருதாணியின் நிறம் தண்ணீரைத் தடுக்காது. நகப்பூச்சின் படலம் தடுக்கும். எண்ணெயின் மெல்லிய பசையால் பழுதில்லை. மெழுகுபோல் படலமாக நிற்கும் கிரீமைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டே ஒளுச் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் வைத்தால் செம்பழுப்பாகப் பிடிப்பதே அசல் மருதாணி. சிறிது நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் ‘கறுப்பு மெஹந்தி’யில் முடிச்சாயத்தின் இரசாயனம் சேர்ந்திருக்கும், சிலருக்குக் கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும்.

அப்படியானால் எதுதான் நல்லது? மென்மையான சோப்பு, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய், வெயிலில் வேலை செய்வோருக்குத் தலைத்துணியோ சன்ஸ்கிரீனோ, மங்குக்கும் பருவுக்கும் தோல் மருத்துவர். இவற்றால் நிறம் மாறாது. தோல் நலமாக இருக்கும். அவ்வளவே போதும்.

குற்றம் யாருடையது?

இத்துடன் முடித்தால் பேச்சு பாதியாகும். பெண்மக்கள் ஏன் இந்த நஞ்சைத் தேடுகிறார்கள்? பெண் பார்க்கப் போகும் நாம் கேட்கும் முதற் கேள்வி, “பொண்ணு நல்ல சிவப்பா?” என்பதன்றோ! ஓதலையும் ஒழுக்கத்தையும் பின்னால் தள்ளிவிட்டு நிறத்தை முன்னால் நிறுத்தினோம். அதைக் கேட்ட தாய், நிக்காஹுக்கு மூன்று மாதமிருக்க டப்பாவை வாங்குகிறாள். 1975-ல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’கூட 2020-ல் தன் பெயரிலிருந்து வெளுப்பு என்னும் சொல்லை எடுத்துவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்து அச்சொல் இன்னும் போகவில்லையே!

கறுத்தவரைவிட வெளுத்தவருக்கு மேன்மையில்லை, இறையச்சத்தால் அன்றி என்று நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அறிவித்துச் சென்றார்கள். ஜாஹிர் (ரலி) என்ற கிராமத்து ஸஹாபி பார்வைக்கு அழகானவரல்லர். அவர் சந்தையில் சரக்கு விற்றுக் கொண்டிருக்கையில் நாயகம் (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து கட்டிக் கொண்டு, இந்த அடிமையை வாங்குவோர் யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். தமக்கு விலை போகாது என்றார் ஜாஹிர். அல்லாஹ்விடம் நீர் விலைமதிப்புள்ளவர் என்று கூறி அவர் மனத்தைக் குளிர வைத்தார்கள் நம் நபி.

இந்த ஒரு சொல்லை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அத்தா சொல்ல வேண்டும், அம்மா சொல்ல வேண்டும், பெண் கேட்டு வரும் மாமியார் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்பதை நிறுத்தினால் அந்த டப்பாக்களில் பாதி கடையிலேயே கிடந்து காலாவதியாகும்.

அல்லாஹுத்தஆலா நம் முகங்களை ஒளுவின் ஒளியால் மறுமையில் பிரகாசிக்கச் செய்வானாக! நம் மக்களின் உடலையும் ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.