தெரிந்தும் சொல்லாமல் இருக்கலாமா?



போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு தாய்மார் பேசியது காதில் விழுந்தது. முகப்பேர் ஏரித்திட்டத்தில் குடியிருக்கும் சகோதரி, "ஆறாவதுலேயே ஐஐடி கோச்சிங்ல சேர்த்துட்டோம் சிஸ்டர். இப்ப விட்டா பிந்திடுவான்" என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போகிற சகோதரியோ, "எங்க பொண்ணும் ஆறாவதுதான், கவர்மென்ட் ஸ்கூல். கடன் வாங்கியாவது அடுத்த வருஷம் ப்ரைவேட்ல போடணும். இல்லேன்னா காலேஜ் எங்க?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு காரியம் அவருக்குத் தெரியவில்லையே!

தமிழக அரசு, நீட்டில் தேறிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை ஒதுக்கி 2020-ல் சட்டம் செய்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் 2021-ல் அதே ஒதுக்கீடு வந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கவும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கு. எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேர்ந்தெடுக்கப்பட்டால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. 2008-ல் வந்த திட்டம் இது.

பள்ளியை மாற்றுவதா வேண்டாமா என்பது அந்தக் குடும்பத்தின் தீர்மானம். ஆனால் தெரிந்து தீர்மானிக்க வேண்டாமா?

"அவங்க பிள்ளையை அவங்கதானே பார்க்கணும்" என்று நம் மனம் சாக்குச் சொல்லும். கிணறு இருக்கும் இடம் தெரிந்தவன், தாகமாயிருக்கிறவனிடம் "நீயே தேடிக்கொள்" என்பது நியாயமா? திருடவில்லை, பொய் சொல்லவில்லை. சும்மா இருந்தோம், அவ்வளவுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு நஷ்டம் நஷ்டமே.

முதல் சகோதரிக்கும் ஒரு வார்த்தை. என் மூத்த மகனை நானும் பதினொரு வயதில் அப்படித்தான் ஓட்டினேன். ராத்திரி ஒன்பது மணிவரை டியூஷன். பத்தாவது வருவதற்குள் கணக்கு என்றாலே அவனுக்கு வெறுப்பு. ஆசை என்னுடையது, பாரம் அவனுடையது. ஒரு பக்கத்தை வாசித்துத் தன் சொந்த வார்த்தையில் சொல்வது, பின்னக் கணக்குக்குப் பயப்படாமல் இருப்பது, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பது, நன்றாய்த் தூங்குவது: அந்த வயதில் கல்லூரிக்கான அஸ்திபாரம் இவைதான்.

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை யாருமே சொல்லலையே பிரதர்!" என்றார்.

அந்த "யாருமே"யில் நானும் இருந்தேன். பெற்றோரே, நம் பாயில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை எத்தனாவது படிக்கிறது என்று இந்த ஞாயிறாவது கேட்போமா?