அடிவாரம் முதல் ஏரி வரை ஒரே பக்கம்

ஜனவரி முதல் வாரம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் எழுபதைக் கடந்த ஓர் அம்மா. பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர். அடிவாரம் தாண்டியதும் அந்த அம்மா பையிலிருந்து கறுப்பு அட்டை போட்ட வேதாகமத்தை எடுத்து மடியில் விரித்தார். கொண்டை ஊசி வளைவு வந்தால் மூடிவிடுவார், ஆள்காட்டி விரலை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு. மறு கை முன்சீட்டுக் கம்பியைப் பற்றியிருக்கும். பேருந்து நிமிர்ந்ததும் விரல் இருந்த இடத்தில் மறுபடி திறப்பார்.

இருபது வளைவுகள். இருபது முறை மூடினார், திறந்தார். ஒரு முறைகூடப் பக்கத்தைத் திருப்பவில்லை.

பதினைந்தாவது வளைவு வாக்கில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "சங்கீதமாம்மா?" என்று கேட்டார். "ஆமா கண்ணு, இன்னைக்கு இதுதான்" என்றார் அந்த அம்மா. ஏரி வந்ததும் இறங்கிப் போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் வாரக்கணக்காகியும் அந்த விரல் இவரை விடவில்லை.

விடாததற்குக் காரணம் இவருடைய கைப்பேசி. தினமும் வேதம் வாசிக்க அதில் ஒரு செயலி வைத்திருந்தார். அன்றைய பகுதியை முடித்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். ஒரு நாள் விட்டால் பழையபடி பூஜ்யம். 217 நாள் விடாமல் ஓட்டியிருந்தார். டிசம்பர் 31 இரவு வருடக் கடைசி ஆராதனை. பாட்டு, பிரசங்கம், வாக்குத்தத்த அட்டை, கேக் எல்லாம் முடிந்து வீடு வர ஒன்றரை மணி. காலையில் செயலியைத் திறந்தால் பூஜ்யம். கோயிலில் உட்கார்ந்திருந்ததால் வேத வாசிப்பு அறுந்துபோனது என்று மனைவியிடம் சொன்னபோது, அவர் சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். கிழமை நாட்களில் மூன்று, ஞாயிறன்று ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்பது சபைகளில் வழிவழியாக வரும் கணக்கு. ஆதியாகமத்தில் 50, யாத்திராகமத்தில் 40. ஆகவே ஜனவரி கடைசியில் லேவியராகமம் எதிரே வந்து நிற்கும். பலி முறைகள், தோல்நோய்ச் சட்டங்கள். பலருடைய அடையாள ரிப்பன் அங்கேயே படுத்துவிடும். சிவப்பு ஓரம் போட்ட வேதாகமத்தை மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் போதும்: முதல் ஒரு விரற்கடை கைபட்டுக் கறுத்திருக்கும், பிறகு நெடுந்தூரம் புதுச்சிவப்பு.

இப்படி அட்டவணை போட்டவர்களில் பெயர் பெற்றவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செய்ன். பழைய ஏற்பாட்டை ஒரு தடவையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதத்தையும் இரு தடவையும் நாளுக்கு நாலு பகுதியாக ஒரே வருடத்தில் வாசிக்கும் திட்டத்தை 1842-இல் தன் சபைக்குக் கொடுத்தார். மறு வருடமே, 29 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார். இன்றும் உலகம் முழுக்கப் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முன்னுரையை வாசித்திருப்பார்கள்? திட்டத்தின் நன்மைகளுக்கு முன்பே அதன் ஆபத்துகளை அவர் வரிசைப்படுத்தியிருந்தார். வாசிப்பு வெறும் சடங்காகலாம், முடித்துவிட்டோம் என்ற பெருமை வரலாம், கண் ஓடி மனம் ஓடாமல் போகலாம், சிலருக்கு அது சுமையாகவே ஆகலாம். மருந்துச் சீட்டின் தலைப்பிலேயே பக்கவிளைவை எழுதிய வைத்தியர் அவர்.

நேர் எதிரான வழியும் இருந்திருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியச் சபையார் 1728 முதல் நாளுக்கு ஒரே ஒரு வசனம் என்று எடுத்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய் அதைச் சொன்னார்கள். 1731-இலிருந்து ஆண்டுதோறும் அச்சுப் புத்தகமாக வருகிறது, இன்னும் நிற்கவில்லை. அந்தச் சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் இருந்தார்கள். நாளுக்கு நாலு பகுதி ஒரு பக்கம், ஒரு வசனம் ஒரு பக்கம். பேருந்து அம்மா எந்தக் கட்சி? "இன்னைக்கு இதுதான்" என்றால், நாளைக்கு வேறா? அல்லது நாளைக்கும் அதேதானா?

இவர் பிறந்து வளர்ந்தது ஏற்காடு இருக்கும் இதே சேர்வராயன் மலையில். அப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி, இவர்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. காலையில் பாட்டியின் சட்டம்: ஜெபம் முடியாமல் காப்பி கிடையாது. அதனால் விடியற்கால ஜெபம் என்றாலே இவருக்கு ஞாபகம் வருவது வசனமல்ல, அடுப்பங்கரையிலிருந்து வரும் டிக்காஷன் வாசம்தான்.

இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். உட்கார்ந்ததும் இவர் செய்யும் முதல் வேலை, தலைகளை எண்ணித் தன் வசனம் எது என்று கண்டுபிடிப்பது. ஐந்தாவது ஆள் என்றால் ஐந்தாம் வசனம். முறை வரும்வரை அதை மட்டும் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். மற்ற நாலு பேர் வாசித்தது காதில் விழாது. தன் முறை முடிந்தால் அடுத்த சுற்றுக்குக் கணக்கு. 117-ஆம் சங்கீதம் வந்தால் கொண்டாட்டம், இரண்டே வசனம். 119 வந்தால் 176. வீடே பெருமூச்சு விடும். ஒன்று நாளாகமத்தின் பெயர்ப் பட்டியலில் தம்பி தடுமாறியபோது எல்லோரும் சிரித்து, அப்பா விளக்கைக் குறைத்துவிட்டு எழுந்து போன இரவும் உண்டு.

எண்ணுகிற புத்தி அங்கேதான் பிடித்ததோ என்று இப்போது சந்தேகப்படுகிறார். வசனத்தை எண்ணினார், பிறகு அதிகாரத்தை, பிறகு நாளை. ஆனால் அந்த எண்ணிக்கை இல்லையென்றால் பாயில் உட்கார்ந்தே இருக்கமாட்டார் என்பதும் நிஜம்.

பழக்கம் படிய 21 நாள் என்று எங்கோ படித்த ஞாபகத்தில் மகளிடம் சொன்னார். அவள் தேடிப் பார்த்துவிட்டு, அப்படியில்லை என்றாள். லண்டன் பல்கலைக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் நடுத்தரமாக 66 நாள் ஆகியிருக்கிறது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லையாம். இவருக்கு முதலில் நிம்மதி. பிறகு ஓர் உறுத்தல். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பழக்கப்படுத்தியது பழம் சாப்பிடுவதையும் தண்ணீர் குடிப்பதையும் உடற்பயிற்சியையும். யோசிக்காமல் கை தானாகப் போனால்தான் அங்கே வெற்றி. யோசிக்காமல் ஜெபித்தால் அதற்கு என்ன பெயர்?

ஒரு சனிக்கிழமை அந்த அம்மாவைப் போலவே செய்து பார்த்தார். சங்கீதத்தில் ஒரு பக்கம், ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் பக்கம் முழுக்க வாசித்தாகிவிட்டது. இருபதாவது நிமிடம் மின்கட்டணம் ஞாபகம் வந்தது. பிறகு வரிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் வருமோ? கண் மங்கலோ? அல்லது வாசிக்கவே தெரியாமல், திறந்து வைத்திருப்பதே போதும் என்று இருந்தாரோ? அவர் கண் பக்கத்தில் இருந்ததா, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களில் இருந்ததா என்றுகூட இவர் கவனிக்கவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

செயலியை இவர் அழிக்கவில்லை. எண்ணிக்கை இப்போது 40-ஐத் தாண்டிவிட்டது. போன வாரம் மலையேறும்போது அப்பாவின் பழைய வேதாகமத்தை எடுத்துப் போனார். ஜன்னலோரத்தில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் வளைவில் விரலை உள்ளே வைத்து மூடினார், திறந்தார். பக்கத்தின் கடைசி வரி அதற்குள் முடிந்திருந்தது. திருப்பலாமா என்று யோசிப்பதற்குள் பேருந்து இரண்டாவது வளைவில் சாய்ந்தது.