அதிகாரம் ஓரிடம், பழி வேறிடம்

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டெம்பி நகரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது ஊபர் நிறுவனத்தின் தானோட்டிச் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்தார். ஸ்டியரிங் முன் கண்காணிப்பாளராக அமர்ந்திருந்த ஊழியர் கைபேசியில் நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டிருந்தார். நிறுவனத்தின் மீது குற்றவழக்குத் தொடர அடிப்படையில்லை என 2019இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். ஊழியர் மீது மட்டும் வழக்கு நடந்தது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. நீதிமன்றத்தின் கணக்கு அதோடு தீர்ந்தது. அறத்தின் கணக்கு தீர்ந்ததா?

கடமை நேரத்தில் கைபேசியைப் பார்த்தது தவறு. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை வேறு தவறுகளையும் காட்டியது. மோதலுக்கு 5.6 விநாடி முன்பே கருவிகள் அந்தப் பெண்ணைக் கண்டுவிட்டன. ஆனால் பாதசாரிக் கோடுகள் இல்லாத இடத்திலும் மனிதர் சாலையைக் கடப்பார் என்று மென்பொருளை எழுதியவர்கள் எண்ணவே இல்லை. வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியபடியே கார் நெருங்கியது. கார் தயாரிப்பாளர் பொருத்தியிருந்த அவசர பிரேக் வசதி தானோட்டத்தின்போது முடக்கப்பட்டிருந்தது. முன்பு இருவர் அமர்ந்த வேலைக்கு ஒருவரே போதும் என்று நிறுவனம் முடிவு செய்திருந்தது. கலிஃபோர்னியா பதிவை ரத்துசெய்த ஊபர் கார்களை 2016 டிசம்பரில் வரவேற்று அழைத்தவர் அரிசோனா ஆளுநரே. இவற்றில் ஒரு முடிவைக்கூட அந்த ஊழியர் எடுக்கவில்லை. எந்திரம் ஒழுங்காக ஓடும்போது மணிக்கணக்கில் சும்மா இருந்து, அது தவறும் கணத்தில் மட்டும் பாய்ந்து தடுக்கும் வேலை மனித இயல்புக்கே ஒவ்வாதது. அந்த வேலையை வகுத்தவர்கள் தப்பினார்கள், செய்தவர் சிக்கினார்.

எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. உலகச் சுகாதார அமைப்பின் கணக்கின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். தானோட்டி வாகனங்கள் அதைக் குறைக்குமானால், வழக்குக்கு அஞ்சி நிறுவனங்கள் பின்வாங்குவதும் உயிரிழப்பில்தான் முடியும். ஆனால் இந்த வாதம் தொழில்நுட்பத்துக்கு நியாயம் சொல்கிறது. பழியை இடம் மாற்றுவதற்கு அல்ல. சாலையைக் கடந்த பெண்ணிடம் சோதனைக்கு யாரும் சம்மதம் கேட்கவில்லை. நாளை பிழைக்கப்போகிறவர்களின் பெயரால் இன்று இன்னொருவர் உயிரைப் பணயம் வைப்பவர், அந்தப் பணயத்துக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும்.

பிரிட்டன் 2024இல் இயற்றிய சட்டம் இந்தத் திசையில் ஓரடி வைத்தது. அதன்படி, கார் தானே ஓடும்போது நிகழும் ஓட்டுதல் குற்றங்களுக்கு இருக்கையில் இருப்பவர் பொறுப்பாக மாட்டார். அனுமதி பெற்ற நிறுவனமே பதில் சொல்ல வேண்டும். எனினும் இந்தக் காப்பு அங்கீகாரம் பெற்ற வாகனங்களுக்குத்தான். ஆபத்து மிகுந்த சோதனைக் கட்டத்தில் காரில் அமரும் ஊழியருக்கு அது கிட்டாது. சோதனைக்கு அனுமதி தரும் அரசு, எந்தப் பாதுகாப்பை முடக்குவது, எத்தனை பேரை அமர்த்துவது என்று முடிவெடுப்பவர்களின் பெயர்களை முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். அனுமதி தந்த அதிகாரியின் பெயரும் அதே தாளில் இருக்க வேண்டும்.